பார்த்தவனுக்கு ஒரு பங்கு

அவர் வடாபாவ் தின்றுகொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் போகக்கூடாது. போனால் பாதி நம் கைக்கு வந்துவிடும். பசியில்லை, இப்போதுதான் சாப்பிட்டேன், வயிறு சரியில்லை, எனக்குச் சர்க்கரை என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. "பாத்துட்டீங்கள்லா அண்ணாச்சி, இனி எனக்குத் தொண்டையில எறங்காது" என்பார். கடித்த பக்கத்தைத் தான் வைத்துக்கொண்டு கடிக்காத பக்கத்தைப் பிய்த்து நீட்டுவார். அந்த மட்டுக்கும் நாகரிகம் தெரிந்த மனுஷன்.

தாராவியில் என் மளிகைக்கடைக்கு எதிர்ச்சந்தில் குடியிருந்தார். தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. எங்கள் சந்தில் ஒருவர் சாப்பிடுவதை இன்னொருவர் பார்க்காமல் இருக்க வழியே கிடையாது. ஆள் நடக்கிற அகலம்தான் சந்து, கதவைச் சாத்தினால் உள்ளே மூச்சு முட்டும். அதனால் அவர் எப்போதும் அரை வயிற்றுக்காரர். டீக்கடையில் கட்டிங் சாயா வாங்கினால் அதையும் பாதி ஆக்குவார். கட்டிங்கே அரை கிளாஸ்தான், அதில் பாதி என்றால் நாக்கை நனைக்கக்கூடக் காணாது. நாங்கள் எல்லாரும் அவர் டீக்கடையில் நிற்பதைக் கண்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையைத் திருப்பிப் போகப் பழகியிருந்தோம்.

கொடுக்க மட்டும்தான் செய்வார் என்றால் மகான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். வாங்குவதிலும் அதே கறார். என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு மாட்டுங்காவில் சொல்லிச் செய்த லட்டு பெட்டியோடு வந்து இறங்குகிறது. அவர் எதிரே நிற்கிறார். நான் பெட்டியை உள்ளே தள்ளுகிறேன். அவர் அசையவில்லை.

"என்னவே, வேலைக்குப் போகலியா?"

"பாத்துட்டேன் அண்ணாச்சி."

"பாத்தா பாத்துட்டுப் போவும்."

போகவில்லை. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைப் பிரித்து ஒன்று கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். இரண்டாவது எடுங்கள் என்றால் தொடமாட்டார். எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் அல்ல. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டிய பெட்டியில் ஒரு குழி.

இதெல்லாம் வேட்டை வழக்கம் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. நான் கடற்கரைப் பக்கத்து ஆள், எங்களுக்கு முயல் என்றால் பாடப்புத்தகத்துப் படம். அவருக்குச் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கரிசல் காடு. அங்கே நாயை விட்டு முயல் பிடிப்பார்களாம். முயல் விழுந்தால் முதல் பங்கு நாய்க்கு. அப்புறம் நாய்க்காரனுக்கு, கூட வந்தவர்களுக்கு. கடைசியில், அந்த வழியாகச் சும்மா போனவன் முயல் விழுந்ததைப் பார்த்துவிட்டால் அவனுக்கும் ஒரு பங்கு. பகையாளியாக இருந்தாலும் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

"குடுக்காட்டா?" என்று கேட்டேன்.

"நாய்க்குக் கண்ணு மறைச்சிரும் அண்ணாச்சி. அடுத்த தடவ முயலு முன்னால ஓடும், இவளுக்குத் தெரியாது" என்று காலடியில் நின்ற தன் நாயைக் காட்டினார்.

சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ஆகவே இது தாராளம் மட்டும் இல்லை, பாதிக்குப் பயம். நாய்க்காக ஊரையெல்லாம் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நாய்க்குப் பொட்டு என்று பெயர். கன்னி ஜாதி வேட்டை நாய். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். குட்டியாக இருக்கும்போது ரெக்ஸின் பையில் போட்டு ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்தார். வழியில் பை அசைந்து பெட்டியில் இருந்த எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நாயை எப்படிப் பங்கு வைப்பது? ஒவ்வொருவர் மடியிலும் கொஞ்ச நேரம் கொடுத்துக் கொடுத்து வாங்கிக்கொண்டே பம்பாய் வந்து சேர்ந்தாராம். இதை அவர் சம்சாரம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

பத்துக்குப் பத்து அறையில் புருஷன், பெண்டாட்டி, தையல் மிஷின், பொட்டு. சந்தில் இந்திக்காரர்கள் பார்த்துவிட்டு "பீமார் ஹை க்யா?" என்பார்கள். சீக்கு நாயா என்று கேட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். "இது ஓடுத நாய், தூங்குத நாய் இல்ல" என்று தமிழிலேயே பதில் சொல்வார். நான் ஒருமுறை கடையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துப் போட்டேன். பொட்டு அதை முகரக்கூட இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. கண்ட கையில் வாங்கித் தின்னக்கூடாது என்று பழக்கியிருந்தார். வேட்டை நாய்க்குப் பொறாமையில் விஷம் வைத்துவிடுவார்களாம். அவர் கையிலிருந்து வந்தால்தான் அவளுக்குச் சோறு.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பட்டறைச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஐரோலிக்கு ஒரு டெம்போ போகும். அதில் பொட்டுவோடு ஏறிக்கொள்வார். அங்கே குன்றுப் பக்கம் புதரும் கல்லுமாகக் கொஞ்சம் காடு மிச்சம் இருந்தது. பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவார். ஆனால் வரும்போது இருவர் முகத்திலும் ஒரு தெளிவு இருக்கும். வாரம் முழுக்கத் தோல் நாற்றத்தில் குனிந்து தைத்த மனுஷன் அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து நடப்பார்.

"வே, இதுக்கெல்லாம் சட்டம் இருக்கு. உள்ள தூக்கி வச்சிருவான்" என்றேன்.

"துப்பாக்கி வச்சிருக்கேனா, வலை வச்சிருக்கேனா? அது ஓடுது, இவளும் ஓடுதா. இதுல நான் என்ன செஞ்சேன் அண்ணாச்சி?"

நாயை விட்டு விரட்டினாலே அது வேட்டைதான் என்று சட்டத்தில் இருப்பது எனக்கும் அப்போது தெரியாது. வக்கீல் சொல்லித்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொட்டு உண்மையிலேயே ஒரு முயலைப் பிடித்துவிட்டாள். இவர் கையில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, கீழே நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு ஆள் அரை டிரவுசரோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் என்றால் எங்கள் போலீஸ் சௌக்கி ஹவல்தார். வீடு ஐரோலியில், வேலை தாராவியில். நல்ல மனிதர், சந்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, "அண்ணா, யே மத் கரோ. கர் ஜாவ். மைனே குச் தேக்கா நஹி" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இப்படிச் செய்யாதே, வீட்டுக்குப் போ, நான் எதையும் பார்க்கவில்லை. ஒரு போலீஸ்காரர் ஒரு ஏழைக்குச் செய்யக்கூடிய உதவியில் இதற்கு மேல் பெரிது என்ன இருக்கிறது?

கடைக்கு வந்து இவர்தான் இதைச் சொன்னார். மிளகும் மல்லியும் வாங்கினார்.

"ஆனா பாத்துட்டாரு அண்ணாச்சி."

"அவருதான் பாக்கலன்னு சொல்லிட்டாரேவே."

"வாயால சொன்னா ஆச்சா?"

நான் சிரித்துக்கொண்டே மல்லியை நிறுத்துக் கொடுத்தேன். ஒரு மனுஷன் வேட்டைக்கறியைப் போலீஸ் சௌக்கிக்கே தூக்கிக்கொண்டு போவான் என்று எந்த மடையனுக்குத் தோன்றும்?

சாயந்திரம் சில்வர் டப்பாவில் கறியைப் போட்டுத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சௌக்கியில் ஹவல்தார் மட்டும் இல்லை. புதிதாக வந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில் இருந்தார். குழாயடிச் சண்டையில் வந்த பெண்கள், போனைத் தொலைத்த பையன் என்று கூட்டம். இவர் நேரே ஹவல்தாரிடம் போய் டப்பாவை நீட்டி, "சாப், ஆப்கா ஹிஸ்ஸா. சுபே கா கர்கோஷ்" என்றாராம். உங்கள் பங்கு, காலையில் பிடித்த முயல்.

ஹவல்தாருக்கு உயிரே போய்விட்டது. அப்போதும் அந்த மனிதர் விடவில்லை. "முர்கி ஹை நா, அண்ணா? முர்கி" என்று எடுத்துக் கொடுத்தார். கோழி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இவரோ, தன் இந்தி அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக் காது காட்டினார். குழாயடிப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதோடு நிற்காமல், "குன்னு மேல ஆப்னே தேக்கா நா", நீங்கள் பார்த்தீர்களே, என்று நினைவும் படுத்தினார். சப்-இன்ஸ்பெக்டர் போனைக் கீழே வைத்தார். அவரும் பார்த்துவிட்டாரே என்று டப்பாவை அவர் பக்கம் திருப்பி மூடியைத் திறந்தாராம் நம்மாள்.

கொஞ்ச நேரத்தில் அவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் எங்கள் சந்து முனைக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போது நான் போய் மறித்து, வாரண்ட் எங்கே என்று இந்தியில் கேட்டேன். சினிமா பார்த்து வளர்ந்தவன், அந்த ஒரு கேள்விதான் தெரியும். அந்தப் பெண் கோபப்படவில்லை. காட்டு மிருக வழக்கில் தக்க சந்தேகம் இருந்தால் சப்-இன்ஸ்பெக்டரே உள்ளே வரலாம், தேடலாம், கிடைத்ததை எடுத்துக்கொள்ளலாம், ஆளையும் பிடிக்கலாம், வாரண்ட் வேண்டியதில்லை என்று நிதானமாகச் சொன்னார். கேள்வி கேட்டதற்குக் கூலியாக என்னையே பஞ்ச் ஆக்கினார். எடுப்பதைக் கூட நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற சாட்சிக்கு இங்கே அதுதான் பெயர்.

சட்டியை எடுத்தார்கள். கத்தியை எடுத்தார்கள். உப்புத் தடவிக் காயவைத்திருந்த தோலை எடுத்தார்கள். அடுத்து பொட்டு. எழுதுகிற கான்ஸ்டபிள் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார். குற்றத்துக்குப் பயன்பட்ட ஆயுதம், பொறி, கருவி, வண்டி என்றுதான் பிரித்து எழுதவேண்டுமாம். நாயை எதில் எழுதுவது? "ஹத்யார் யா காடி?" என்று மேலே பார்த்துக் கேட்டார். ஆயுதமா, வண்டியா? சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்து, கருவி என்று எழுதச் சொன்னார். பொட்டு அப்போது நம்மாள் பாதத்தின் மேல் தன் காலை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படித்தான் நிற்பாள்.

வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் அவள் நகரவில்லை. அதனால் அவரையே பிடித்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார். ஏற்றிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.

நான் ஜீப் பக்கத்தில் போய் சப்-இன்ஸ்பெக்டரிடம் ஏதோ சொல்லப் போனேன். அவரே முந்திக்கொண்டார். அத்தனை பேர் எதிரில் தன் வாயாலேயே சொல்லிவிட்டார், நான் சும்மா இருந்தால் நாளைக்கு என் மேல் விசாரணை வரும், என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்றார். பார்த்தால் என் மகள் வயதுதான் இருக்கும்.

உள்ளே இருந்த நாட்களில் நான் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோவேன். லாக்கப்பில் கூட இருந்த ஒரு பிக்பாக்கெட்டுக்குப் பாதி போய்விடும். கோர்ட்டுக்குக் கூட்டிவந்த அன்று, வராந்தாவில் நான் கொடுத்த வாழைப்பழத்தைத் தன்னைப் பிடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிளோடு பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தார். கான்ஸ்டபிளும் கூச்சமில்லாமல் தின்றான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அவர் சம்சாரம் என் கடை வாசலில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஊருக்கெல்லாம் பங்கு வச்சாவ அண்ணாச்சி. இப்பம் நாயைக் கவர்மெண்டுக்குப் பங்கு வச்சிட்டாவ. எனக்குத்தான் ஒரு நாளும் கேக்கத் தெரியல."

ஹவல்தாரையும் சும்மா விடவில்லை. பார்த்தும் ஏன் சொல்லவில்லை என்று விசாரணை வைத்து வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். போகிற அன்று என் கடையில் சோடா குடித்தார். "பார்க்கலைன்னு ஒருத்தன் சொன்னா விட்டுட வேண்டியதுதானே? எங்கேர்ந்து வர்றீங்க நீங்கல்லாம்?" என்று இந்தியில் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, வாசனை மட்டும் நன்றாக இருந்தது என்றார்.

மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற ஒரு தமிழ் வக்கீலைப் பிடித்தேன். அவர் காகிதங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உங்க ஆளை முதல்ல வாயை மூடிண்டு இருக்கச் சொல்லுங்கோ. நாய் என்னோடது இல்லை, தெருநாய், அதுவா ஓடித்து, அதுவா பிடிச்சுதுன்னு சொன்னா ஏதாவது பண்ணிப் பார்க்கலாம்."

"அப்பம் பொட்டு?" என்று கேட்டார் இவர். ஜாமீனில் வந்திருந்தார்.

"அதெப்படி கேட்பேள்? கோர்ட்ல முத்தேமாலா இருக்கு. திருப்பிக் கொடுன்னு மனு போடணும்னா, நாய் என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா வேட்டையும் உங்களோடதுதான்."

முத்தேமால் என்றால் வழக்கில் பிடித்த பொருள். வழக்கு முடிகிறவரை அது யாருக்கும் சொந்தமில்லை. நாய் வேண்டுமென்றால் குற்றத்தை ஏற்க வேண்டும், குற்றம் வேண்டாமென்றால் நாயை மறுக்க வேண்டும். நான் வியாபாரி, எந்தக் கணக்கிலும் எங்கேயாவது ஒரு இடைவெளி பார்த்துவிடுவேன். இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வக்கீலுக்கும் தெரியவில்லை. காபி வந்தது. மூவரும் குடித்தோம்.

"அவ சாப்பிட மாட்டாய்யா" என்றார் இவர். "என் கையில குடுத்தாத்தான் சாப்பிடுவா. அத எழுதுங்க."

அதையும் எழுதித்தான் மனுப் போட்டார்கள், நாய் என்னுடையது என்று கையெழுத்தும் போட்டார். குற்றத்தில் பயன்பட்ட கருவியை அதே ஆளிடம் திருப்பித் தரமுடியாது என்று தள்ளுபடி ஆகிவிட்டது. வழக்கு இன்றைக்கும் தேதி வாங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் சந்தில் இடிக்கிற வேலை வந்து, அவர்களும் வீட்டைக் காலி செய்து எங்கோ தள்ளிப் போய்விட்டார்கள்.

பொட்டுவைத் தாணேயில் ஒரு விலங்குக் காப்பகத்தில் விட்டிருந்தார்கள். நல்ல இடம்தான், குறை சொல்லக்கூடாது. அவர் எங்கள் சந்தில் இருந்தபோது ஞாயிறுதோறும் ரயிலேறி அங்கே போவார். கோர்ட் உத்தரவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கம்பி வேலிக்கு வெளியே நிற்பார், அவள் உள்ளே நிற்பாள். கையால் ஒரு வாய் சோறு கொடுக்க விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முத்தேமாலுக்கு ஏதாவது ஆனால் நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்று மறுத்துவிட்டார்கள். அதுவும் நியாயம்தான். அவர் திரும்பி நடந்ததும் அவள் ஊளையிட ஆரம்பிப்பாள், அந்தத் தெரு முனை வரைக்கும் கேட்கும் என்று என்னிடம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு நானும் கூடப் போனேன். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் வெளியே வந்து, கையைப் பிசைந்துகொண்டு இந்தியில் பேசியது. நான்தான் அவருக்குத் தமிழில் சொல்லவேண்டி வந்தது. இப்போதுதான் அந்தப் பெண் கையிலிருந்து பொட்டு சாப்பிடத் தொடங்கியிருக்கிறாளாம். ஆனால் இவர் வந்து போனால் அன்றும் மறுநாளும் தட்டைத் தொடுவதில்லையாம். எலும்பு தெரிகிறது, டாக்டர் பயப்படுகிறார், தயவுசெய்து இனி வரவேண்டாம்.

அதை நான் சொல்லி முடிக்கிறவரை அவர் அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுதாளா? இந்தப் புள்ள கையிலயா?"

"ஆமாவே."

"சாப்பிடுதத ஒரு தடவ பாத்துக்கிடுதேன். அவளுக்குத் தெரியாம."

அந்தப் பெண் சரியென்று உள்ளே போனது. அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மெல்லக் கீழே விட்டார். தூசி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வேலியைச் சுற்றி அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கே ஒரு தண்ணீர்த்தொட்டி இருந்தது. இந்தப் பக்கமிருந்தால் வாடை அவளுக்குப் போகாது என்றார். முயலை நெருங்குவது இப்படித்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. இருவரும் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்தோம். உச்சி வெயில்.

அந்தப் பெண் சோறும் கோழியும் பிசைந்து கையில் வைத்து நீட்டியது. பொட்டு தூரத்தில் நின்றது, கிட்டே வந்தது, முகர்ந்தது, தின்றது. இரண்டாவது உருண்டையில் சட்டென்று நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் திரும்பியது.

அவர் என் தோளை அழுத்திக் கீழே அமுக்கினார். தானும் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார்.

"அசையாதீங்க அண்ணாச்சி" என்றார், உதடு மட்டும் அசைய. "பாத்துட்டான்னா சோத்தை விட்டுருவா."

அவள் மறுபடி அந்தக் கையில் வாய் வைக்கிறவரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.